வென்ட் யார் வீட்டுப் பிள்ளை?

நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் இருந்த சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஆளுயரத்துக்கு மேல் அரையடி எழும்பி நின்றுவிடும். கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையில், கரிசல் காட்டு நடுவே இருந்த உயர்நிலைப் பள்ளி அது. 1986, ஜூன் மாதம். ஒன்பதாம் வகுப்பில் நான் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது சுவரேறிக் குதித்து அந்தப் பாட்டு வரும்.

"கோ - வென்ட் - கான்! கம் - கேம் - கம்! ஈட் - ஏட் - ஈட்டன்!"

ஒருவன் முன்னால் நின்று சொல்லிக் கொடுப்பான். மிச்சம் நாற்பது பேரும் திருப்பிச் சொல்வார்கள். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு என்ன ராகமோ அதே ராகம். கொஞ்ச நேரத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் உதடுகளும் தன்னால் அசைய ஆரம்பித்துவிடும். செய்யுள் நடுவழியில் நிற்கும்.

அந்த ராகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அதில் வளர்ந்தவள்தான். எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தவர் கையில் எப்போதும் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் இருக்கும். அதில் இந்த வினைகளுக்கு ‘ஸ்ட்ராங் வெர்ப்’ என்று பெயர். வாலில் ‘ஈடி’ ஒட்டிக்கொண்டு இறந்த காலத்துக்குப் போகிறவை ‘வீக் வெர்ப்’. நான் வேலைக்கு வருவதற்குள் அது ரெகுலர், இர்ரெகுலர் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் எதுவும் வேண்டியதில்லை. அவர்களுக்கு வி-1, வி-2, வி-3. நோட்டுத் தாளை மூன்றாக மடித்துக் கோடு போட்டால் மூன்று கட்டம். தீர்ந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அறுபது வினைகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஒரு நாள் சாயங்காலம் வேறு வேலையாக அவள் தெருப்பக்கம் போனபோது அவள் பயிற்சி எடுக்கும் இடத்தைப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அன்றைக்குப் பாதி வீடுகளில் அதுதான் சாயங்கால வேலை. பசையைத் தொட்டு, தாளை மடித்து, பெட்டியைச் சுருட்டி, முறத்தில் போடும்போது "கோ வென்ட் கான்". அடுத்த பெட்டி. "கிவ் கேவ் கிவன்". வினைக்கு ஒரு பெட்டி. கைக்குக் கண் தேவைப்படவில்லை, வாய்க்கும் அப்படித்தான்.

மறுநாள் வகுப்பில் அவளிடம் இங்கிலீஷில் கேட்டேன், நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்று. பிள்ளை எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கடைசியில், "ஐ ஈட் கஞ்சி, டீச்சர்." பெட்டி ஒட்டியதைச் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வாள்? அந்த அறுபதில் ‘ஒட்டு’ என்பதற்கு வார்த்தை கிடையாது. ஸ்லே - ஸ்லூ - ஸ்லெய்ன் இருந்தது. அவள் யாரையும் வாளால் வெட்டிச் சாய்க்கப்போவதில்லை. ஃபோர்சேக் - ஃபோர்சூக் - ஃபோர்சேக்கன் இருந்தது. யாரையும் கைவிட்டுவிட்டுப் போகிற வசதியும் அவளுக்கு இல்லை. தினமும் நூற்றுக்கணக்கில் செய்கிற காரியத்துக்கு உரிய ஸ்டிக் - ஸ்டக் - ஸ்டக் மட்டும் பட்டியலில் இல்லை.

அன்றைக்கே பட்டியலில் கை வைத்தேன். வாளும் தேரும் வெளியே போயின. ஸ்டிக் உள்ளே வந்தது. கிணறு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு டிக் - டக் - டக். விதைப்புக்கு ஸோ - ஸோட் - ஸோன். பஞ்சாலைக்குப் போகிற அப்பாக்களுக்காக ஸ்பின் - ஸ்பன் - ஸ்பன். மாவாட்டுகிற எல்லாருக்கும் க்ரைண்ட் - க்ரவுண்ட் - க்ரவுண்ட். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏன் டீச்சர், மாவு ஆட்டினா விளையாட்டு மைதானமா?" என்றான். அந்த ஒரு கேள்விக்காகவே அந்த வினை அந்த வருஷம் யாருக்கும் மறக்கவில்லை.

என் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் வருஷம். கட்டபொம்மனைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து கயத்தாறு பக்கம்தான். 1799 அக்டோபர் 16 அங்கே எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த தேதி. ஒரு பையன், கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் என்பதற்கு ‘வாஸ் ஹேங்ட்’ என்று எழுதியிருந்தான். எனக்குள் மணி அடித்தது: ஹேங் - ஹங் - ஹங். சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஹங்’ என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். நோட்டுகளைப் பார்வையிட்ட தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பழைய காலத்து ஆள். கோபப்படத் தெரியாது.

"ஏம்மா, கட்டபொம்மனை என்ன செஞ்சிருக்கீங்க?"

"தப்பா எழுதியிருந்தான் சார். திருத்தினேன்."

"கொடியில துணியத் தொங்க விட்டா ஹங். சட்டம் ஒரு ஆளத் தூக்குல போட்டா ஹேங்ட். பையன் சரியாத்தான் தூக்குல போட்டிருக்கான். நீங்கதான் அவரத் துவைச்சுக் காயப் போட்டுட்டீங்க."

அந்த அரை மதிப்பெண்ணை வகுப்பில் எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தேன். ஹேங் இரண்டு பாதையில் போகும் என்று அதற்கு முன்னால் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. ராகத்தில் ஒரு பாதைக்குத்தான் இடம். லை விஷயத்திலும் இதே கதைதான். படு என்றால் லை - லே - லெய்ன். கிடத்து என்றால், கோழி முட்டையிடுவதற்கும் அதுதான், லே - லெய்ட் - லெய்ட். பொய் சொல் என்றால் லை - லைட் - லைட். ஒன்றின் இரண்டாவது கட்டம் இன்னொன்றின் முதல் கட்டமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷ்காரர்களே இதில் தடுமாறுகிறார்கள். முப்பது வருஷத்தில் நான் இதை முழுசாக நடத்தி முடித்தது நான்கைந்து முறை இருக்கும்; மற்ற வருஷங்களில் ‘ஸ்லீப் - ஸ்லெப்ட் போட்டுக்கோ’ என்று தப்பித்துவிட்டேன்.

பிள்ளைகளுக்குப் பிடித்த கூட்டம் வேறு. புட் - புட் - புட், கட் - கட் - கட், ஷட், ஹிட், ஹர்ட், காஸ்ட். எந்தக் காலத்துக்கும் அசையாதவை. ‘சோம்பேறி வினை’ என்று பேர் வைத்திருந்தேன். இதைக் கேட்டதும் வகுப்பே நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால் சோம்பேறிக்குள்ளும் ஒரு சூது உண்டு. ‘ஹி கட் த ட்ரீ’ என்றால் வெட்டுகிறானா, வெட்டினானா? வெட்டுகிறான் என்றால் வாலில் ‘எஸ்’ சேர்ந்து ‘கட்ஸ்’ என்று வந்திருக்க வேண்டும். எஸ் இல்லை, ஆகவே மரம் விழுந்து நாளாகிவிட்டது. இப்படி இல்லாத எழுத்தைப் பார்த்துக் காலத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். ரீட் வேறு தினுசு. எழுத்து மாறாது, சத்தம் மாறும்: ரீட் - ரெட் - ரெட். "நடுவுல சிவப்பு வந்திருச்சு டீச்சர்" என்பார்கள்.

என்னை வருஷக்கணக்கில் உட்கார விடாதது மூன்றாவது கட்டம். பாஸ்ட் பார்டிசிப்பிள். அது எதற்கு அங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை. இரண்டாவது கட்டம் நேற்று நடந்ததைச் சொல்ல, சரி. மூன்றாவது? முந்தாநாள் நடந்ததைச் சொல்லவா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான ஊகம்தான். ஒன்று இன்று, இரண்டு நேற்று என்றால் மூன்று முந்தாநாள்தானே? நோட்டைத் திறந்தால் பாதிப் பேர் ‘ஐ ஹேவ் வென்ட்’, மீதிப் பேர் ‘ஐ கான் டு மார்க்கெட்’. திருத்தித் திருத்திச் சிவப்புப் பேனா மைதான் தீர்ந்தது.

ஒரு மத்தியானம் ஆசிரியர் அறையில் இந்த நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் தமிழய்யா.

"என்ன டீச்சரம்மா, ரொம்ப நேரமா தலைய ஆட்டிக்கிட்டே இருக்கீக?"

"மூணாவது கட்டம் எதுக்குன்னே பிள்ளைகளுக்குப் பிடிபடல ஐயா. ரெண்டாவதையும் மூணாவதையும் மாத்தி மாத்திப் போடுதுக."

"அந்த மூணாவது தனியா நிக்குமா?"

"நிக்காது. முன்னாடி ஹேவ், ஹேஸ், வாஸ் இப்படி ஒண்ணு வேணும். இல்லாட்டி பின்னாடி ஒரு பேர்ச்சொல்லு வரணும்."

"ரெண்டாவது?"

"அது தனியா நிக்கும்."

ஐயா வெற்றிலைச் செல்லத்தை மூடினார். "அப்ப ரெண்டாவது முற்று, மூணாவது எச்சம். இதத்தான் நான் ஏழாம் வகுப்புலயே அவுகளுக்கு நடத்தி முடிச்சிட்டேனே."

நான் எம்.ஏ. இங்கிலீஷ். பிஎட் வேறு. வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம் எல்லாம் நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தமிழ் பீரியட்டில் படித்ததை இங்கிலீஷ் பீரியடுக்கு எடுத்துவரலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினாலே குற்றம் போலப் பார்க்கிற மேற்பார்வையாளர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

மறுநாள் பலகையில் ‘வந்தான்’ என்று எழுதினேன். பக்கத்தில் ‘வந்த’. அதற்குப் பக்கத்தில் ‘வந்து’.

"‘வந்தான்’னு சொல்லிட்டு நான் வாய மூடிக்கிட்டா ஏதாச்சும் குறையுதா?"

"இல்ல டீச்சர்."

"‘வந்த’ன்னு சொல்லிட்டு மூடிக்கிட்டா?"

"யாரு டீச்சர் வந்த?" "என்னது வந்த?" நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள்.

"‘வந்து’ன்னு நிறுத்தினா?"

"வந்து என்ன செஞ்சான்?"

அவ்வளவுதான். ‘கேம்’ முற்று, வாயை மூடிக்கொள்ளலாம். ‘ரிட்டன்’ என்று சொல்லி நிறுத்தினால் இங்கிலீஷ்காரன் காதில் ‘எழுதி...’ என்று அந்தரத்தில் தொங்கும். ‘ஹேஸ் ரிட்டன்’ என்றால் ‘எழுதியிருக்கிறான்’: எழுதி என்ற எச்சம், இருக்கிறான் என்ற துணை. துணை இல்லாமல் எச்சத்தை விட்டால் ‘ஐ கான்’ என்ற தப்பு. துணை வந்த பிறகும் முற்றைப் போட்டால் ‘ஐ ஹேவ் வென்ட்’ என்ற தப்பு. ‘போனேன் இருக்கிறேன்’ என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் போதும். நோட்டுகளில் வி-1, வி-2, வி-3 என்ற தலைப்பை அடித்துவிட்டு வேர், முற்று, எச்சம் என்று எழுதச் சொன்னேன்.

பெயரெச்சத்துக்குச் சாலையில் இறங்கினால் போதும். உடைந்த நாற்காலி, ‘ப்ரோக்கன் சேர்’. வேலைக்கு மனுப் போட்ட அண்ணன்மார் வாயில் அடிபடுகிற ‘ரிட்டன் டெஸ்ட்’, எழுதுகிற தேர்வு. பின்னாளில் கோவில்பட்டியில் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி ‘ஃப்ரைடு ரைஸ்’ போர்டு வந்தபோது எனக்கு மாடல் எழுதும் வேலையே மிச்சமாகிவிட்டது. பாதிப் போர்டுகளில் கடைசி ‘டி’ இருக்காது, ‘ஃப்ரை ரைஸ்’ என்றிருக்கும். பிள்ளைகள் அதைக் கவனித்து வந்து என்னிடம் கோள் சொல்வார்கள்.

முழுப் பொருத்தம் என்று சொல்ல மாட்டேன். நம்மிடம் ‘வந்து’, ‘வந்த’ என்று இரண்டு வடிவம் செய்கிற வேலையை அங்கே ஒரே சொல் செய்கிறது. ‘கம்’மில் வேரும் எச்சமும் ஒரே முகம். பிராட், பாட், ஸென்ட் இவற்றில் முற்றும் எச்சமும் ஒரே முகம். மொழியியல் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும். அந்த வருஷம் என் சிவப்பு மை முன்னைவிடக் குறைவாகச் செலவானது.

‘டிட் நாட் வென்ட்’ என்ற ஊரறிந்த பிழைக்கும் மருந்து நம் வாயிலேயே இருந்தது. ‘போகல’ என்று சொல்கிறோம். ‘போனேன் இல்ல’ என்பதில்லை. போக, இல்லை என்று பிரித்தால் ‘போக’வில் காலம் கிடையாது. காலத்தை டிட் தூக்கிக்கொண்டது. கோ வெறுங்கையோடு வரலாம். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்தை மையமாக வைத்து என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை ஒரு சோதனை நடத்தியிருக்கிறார் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டேன். பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளிகளில் நடந்தது. இலக்கணத்தை இலக்கணமாக நடத்துவதில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் போட வைப்பார்கள். பொருளில் கவனம் இருக்கும்போது வடிவம் தானாகப் படியும் என்பது அவர் கட்சி. கேட்கும்போது எனக்குத் தீப்பெட்டிப் பிள்ளை ஞாபகம் வந்தாள். ஊர் திரும்பியதும் கோவில்பட்டி பஸ் நேரங்களைப் பலகையில் எழுதி ஆரம்பித்தேன். ‘லெஃப்ட்’, ‘கேம்’, ‘டுக்’ இந்த மூன்றும் சீக்கிரம் படிந்தன. மற்றவை படிவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. நாற்பத்தைந்து நிமிஷ பீரியடில், ஐம்பது பேர் வகுப்பில், பிரபுவையும் ராகத்தையும் கலந்து கட்டித்தான் பிழைத்தேன். ராகம் வார்த்தையை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது, அதற்கு மேல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். ராகமே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் வகுப்பில் நின்று பார்த்தவர்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இனி ‘வென்ட்’ விஷயத்துக்கு வருகிறேன்.

1987 என்று நினைவு. கோ - வென்ட் - கான் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன். க்ரவுண்ட் கேட்ட அதே கடைசி பெஞ்சுக்காரன் எழுந்தான்.

"டீச்சர், ‘கான்’ல கோ தெரியுது. ‘வென்ட்’ல ஒண்ணுமே தெரியல. அது யாரு வீட்டுப் பிள்ள டீச்சர்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷமாக அந்த மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நடுவில் இருப்பதற்கு மற்ற இரண்டின் சாயல் கொஞ்சமும் இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. "மனப்பாடம் பண்ணு, போதும்" என்று உட்கார வைத்தேன். உட்கார்ந்தான். அந்த ‘போதும்’ எனக்கு ரொம்ப நாள் தொண்டையில் நின்றது.

விடை கிடைத்தது பல வருஷம் கழித்து, மதுரையில் ஒரு நூலகத்தில், தூக்கினால் கை வலிக்கும் ஒரு அகராதியில். ‘வெண்டு’ என்று ஒரு வினை. வழி பார்த்து நட, திரும்பிச் செல் என்று பொருள். ஸெண்டு, ஸென்ட் ஆவது போல, பெண்டு, பென்ட் ஆவது போல, வெண்டு, வென்ட் ஆகியிருக்கிறது. கோவுக்கு ஆதியில் வேறொரு இறந்த காலம் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் அது ‘ஏயோதே’ என்பது போல ஒலிக்கும். அதற்கும் கோவுக்கும் கூடச் சாயல் கிடையாது. அது மெல்ல வழக்கொழிந்து, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பக்கத்து வீட்டு வென்ட் கோவின் வீட்டுக்குள் வந்து நிலையாக உட்கார்ந்துகொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வெண்டு தனக்கென்று ‘வெண்டட்’ என்ற புதுசை, ஈடி ஒட்டிய சாதாரணப் பிள்ளையை, பெற்றுக்கொண்டது. அப்படியே குடும்பக் கதைதான். பையன் கேட்ட கேள்வி சொல்லுக்குச் சொல் சரி.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஸ்ட்ராங், வீக் என்ற பேரை வைத்தவர் யாகோப் கிரிம் என்று தெரிந்துகொண்டேன். சிண்ட்ரெல்லாவையும் ஸ்னோ ஒயிட்டையும் கேட்டுத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர். வெளியிலிருந்து ஒட்டு எதுவும் வாங்காமல் தன் வயிற்றுக்குள்ளேயே உயிரொலியை மாற்றிக்கொண்டு காலம் காட்டுவதால் சிங் - சாங் - சங் பலசாலி. ஒட்டு தேவைப்படுகிற வாக் - வாக்ட் பலவீனம். ஆனால் ஜெயிப்பது பலவீனர்கள்தான். ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் பலசாலி. ‘ஹோல்ப்’ என்று இறந்த காலம் இருந்தது. இன்று ஈடி ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது.

2007இல் ஹார்வர்டில் சிலர் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். பழைய இங்கிலீஷில் ஒழுங்குக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். இடைக்கால இங்கிலீஷில் 145 மிஞ்சின. இன்று 98. எது தப்பிக்கிறது, எது விழுகிறது என்பதற்குக் கணக்கும் சொன்னார்கள்: ஒரு வினை இன்னொன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால், அது பத்து மடங்கு வேகமாக ஈடியிடம் சரணடைகிறது. அடுத்து விழப்போவது ‘வெட்’ என்ற, மணமுடித்தலைக் குறிக்கும் வினை என்று ஆரூடமும் சொன்னார்கள். இங்கிலீஷில் அதிகம் புழங்கும் முதல் 10 வினைகளும் ஒழுங்கற்றவை. பி, ஹேவ், டூ, கோ, ஸே இப்படி. வாய் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் அவை உருமாறாமல் நிற்கின்றன. ஸ்லேயை நான் பட்டியலிலிருந்து தூக்கி எறிந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் கோபத்தில் செய்தேன். பிறகு கணக்கு என் பக்கம் நின்றது.

என் பேரனுக்கு மூன்று வயது நடந்தபோது, பந்தைக் கிணற்றுப் பக்கம் எறிந்துவிட்டு ஓடிவந்தான். "ஆச்சி, பந்தப் போடினேன்" என்றான். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் காகிதம் தேடினேன். ஓடு என்றால் ஓடினேன், ஆடு என்றால் ஆடினேன், பாடு என்றால் பாடினேன். அப்படியானால் போடு என்றால் போடினேன் என்றுதானே வர வேண்டும்? ஏன் போட்டேன்? சொல்லு சொன்னேன் ஆகிறது, தள்ளு ஏன் தண்ணேன் ஆவதில்லை? ஓட்டேன் என்று எந்தக் கிறுக்கனும் சொன்னதில்லை. நாம் எல்லாரும் ராகம் போடாமல், கட்டம் கட்டாமல், தப்பாகச் சொல்லிச் சிரிப்பு வாங்கித் திருத்திக்கொண்டவர்கள். இங்கிலீஷ்காரன் வீட்டுக் குழந்தையும் ‘கோட்’ என்று, அதாவது கோவோடு ஈடி சேர்த்து, சொல்லித்தான் வென்ட்டுக்கு வந்து சேர்கிறது. அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்பவர் 1958இல் இல்லாத வினைகளை இட்டுக்கட்டிக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். ‘க்ளிங்’ என்று ஒரு பொய் வினை. நேற்று என்ன செய்தான் என்று கேட்டால் குழந்தைகள் பெரும்பாலும் ‘க்ளிங்ட்’ என்றன. பெரியவர்கள் பலரும் ‘க்ளாங்’ என்றார்கள். சிங் - சாங்கில் ஊறிய வாய். என் வகுப்பில் ‘பிரிங் - பிராங்’ என்று எழுதிய ஒரு பிள்ளைக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அவள் மூளை எவ்வளவு சரியாக வேலை செய்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. சிங், ரிங், பிரிங் என்று அடுக்கிவைத்தவள் நான், ராகம் தப்பாமல் பாடியவள் அவள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எட்டயபுரம் வண்டிக்காக நின்றிருந்தேன். நல்ல வெயில். முன் தலை ஏறிய ஒருவர் கையில் கரும்புச்சாறு டம்ளரோடு வந்து நின்றார்.

"டீச்சர், என்னையத் தெரியுதா?"

தெரியவில்லை. "மாவு ஆட்டினா மைதானமான்னு கேட்டேன்ல" என்றார். தெரிந்துவிட்டது. இரண்டு லாரி வைத்திருக்கிறாராம். தீப்பெட்டி லோடு, வடக்கே போகிறதாம். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாளாம்.

"ஏன்யா, நீ இன்னொரு கேள்வியும் கேட்ட. வென்ட் யாரு வீட்டுப் பிள்ளன்னு. ஞாபகம் இருக்கா?"

"அப்படியா கேட்டேன்?" என்று சிரித்தார். அவருக்கு நினைவில்லை. அங்கேயே, சாறு பிழிகிற இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, வெண்டுவின் கதையை முழுசாகச் சொன்னேன். இருபத்தொன்பது வருஷம் தாமதமாக. ஆள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப கோவோட சொந்தப் பிள்ள?"

"பேசுறதுக்கு ஆளில்லாமப் போயிருச்சு."

"பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று என் தோளுக்கு மேலே கையை நீட்டினார்.

"டீச்சர், உங்க பஸ் கான்!"

எட்டயபுரம் வண்டி வாசலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏய்யா, ஹேஸ் கான்" என்றேன் ஓடிக்கொண்டே. "எச்சத்தத் தனியா விடாத!"